உப்பிடாத சோறு

வாழைத்தார் நிறுக்கும் எடைமேடையின்மேல் ஒரு மனிதன் ஏறி நிற்பதை மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்து அதுவரை கண்டதில்லை. தேவராஜ மொஹல்லாவில் வாழை மண்டி வைத்திருந்த மல்லப்பன், ஆனி மாதத் தூறலில் நனையாதபடி சாக்கைப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் இறக்கி, ஈரம் துடைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கைகூப்பினார். சோறு போடும் பொருளை இடம் மாற்றினால் அதனிடம் பொறுத்தருளக் கேட்பது அவர் வழக்கம்.

"ஏறுங்க மாப்ள."

மாப்பிள்ளை ஏறி நின்றார். எண்கள் ஓடி அறுபத்தெட்டில் அடங்கின.

"ரசபாள வாழத் தாரு நாலரை," என்றார் மல்லப்பன். "காம்பு தள்ளாம."

சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்ற வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. "எடை கூடோணும் கூடோணும்னு நாள் முச்சூடும் சாமி கும்புடற மனுசன், இன்னைக்குக் கொறையோணும்னு கும்புடறாரு பாரு அம்மிணி," என்று மகள் தாரணியிடம் சொன்னாள்.

மாப்பிள்ளையின் பெயர் எவெர்ட்டன். பிரேசில் தேசத்தின் வடகோடியில், ஆறோ கடலோ என்று கண்டவர் மயங்கும்படி நீர் விரிந்து கிடக்கும் பெலேம் என்னும் துறைநகரில் பிறந்தவர். தகப்பனார் படகுகளிலிருந்து பழக்கூடை சுமந்த சுமையாளி. அந்தத் துறையின் மீன் சந்தையில், கடை கட்டிய பின் தார்ப்பாய் விரித்து நடத்திய சண்டையில்தான் மகன் முதன்முதலாக இறங்கினார். குத்து, உதை, பிடி, பூட்டு எல்லாம் ஒன்றாய்க் கலந்த கூண்டுச் சண்டை அது. தார்ப்பாயிலிருந்து ரியோவுக்கும், அங்கிருந்து அபுதாபிக்கும் அவரை அது கொண்டுபோயிற்று. இடுப்பில் பொன்னிறப் பட்டை கட்டிய காலமும் உண்டு. அடுத்தடுத்துத் தோற்று, சண்டை நடத்திய பெரிய நிறுவனம் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்ட காலமும் உண்டு. நொந்த முழங்காலோடு மைசூரில் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ஆசானாக வந்தார். அந்த முழங்காலுக்கு மருத்துவப் பயிற்சி கொடுத்தவள் தாரணி. முழங்கால் தேறுவதற்குள் இருவர் மனமும் ஒன்றுபட்டது. மாதேஸ்வரன் மலையில், புலிமேல் அமர்ந்த பெருமான் முன்னிலையில் தாலி ஏறியது.

அயலூரான், அடிதடிக்காரன் என்று உறவு முகம் சுளித்தபோது வள்ளியாத்தாளும் உள்ளூரச் சுளித்தவள்தான். அவளை வென்றது ஒரு கிழங்கு. அவர் ஊரில் மரவள்ளியை மாவாக்கி வறுத்துச் சோற்றின்மேல் தூவுவார்கள் என்று மகள் சொல்ல, ஹனூர்ப் பக்கத்துத் தன் பிறந்த வீட்டிலிருந்து கிழங்கு வரவழைத்துக் காயவைத்து, இடித்து, சலித்து, பொன்னிறமாக வறுத்து இலையில் இட்டாள். ஒரு வாய் உண்டதும் அந்த மல்லனின் கண் நிறைந்துவிட்டது. "நல்லாருக்கு அத்தெ," என்றார். தமிழில் அவர் முழுதாகக் கற்ற வாசகம் அது ஒன்றே. அன்று தொட்டு ஒவ்வொரு வேளையும் இலையை மடிக்கும் முன் அதைச் சொல்வார். அதைக் கேட்காமல் வள்ளியாத்தாள் தன் இலையின் முன் அமர்வதில்லை.

இப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. பெங்களூரில் ஒரு சண்டைக்கு அழைப்பு வந்திருந்தது. வென்றவருக்கு அடுத்த ஆட்டம் பெலேமில். அவர் அரங்கில் ஏறியதைப் பெற்ற தாய் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. இந்தச் சண்டை கிட்டினால் காண்பாள். தவறினால், அந்த வயதில் இன்னொரு முறை அழைப்பார் இல்லை. ஆனால் கூண்டுக்குள் போகும் முன் எடை அறுபத்தொரு கிலோவுக்கு இறங்கியாக வேண்டும். சனிக்கிழமை காலை பெங்களூரில் எடை பார்ப்பார்கள்.

"அம்மா, இன்னைக்கிலிருந்து அவனுக்கு உப்பு பேடா. ஒரு கல்லுகூட," என்றாள் தாரணி. பள்ளி நாள் முதலே அவள் தமிழில் கன்னடம் கலந்துதான் வரும்.

"அவன் இவன்ங்காத புள்ள. கட்டுனவரு."

"சரி, அவருக்கு. உப்பு ஒடம்புல நீரப் பிடிச்சு வெச்சுக்கும். ஒரு வாரம் உப்பே இல்லாம இருந்துட்டு, கடைசி நாள் வெந்நீர்ல உக்காந்தா எல்லா நீரும் வேர்வையா எறங்கிடும். எடை வந்துடும்."

"ஒரு வாரமா? உப்பில்லாத சோத்தையா?"

"ஹௌது. ஃபைட்டருங்க எல்லாரும் செய்யறதுதான்."

"அவிங்க அவிங்க ஊட்டுல செய்யட்டும். நம்மூட்டு எலையில உப்பில்லாச் சோறு என்னைக்குப் போடறதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாது, சொல்லவும் சொல்லாதே. அவர் முன்னாடி இதெல்லாம் பேடாம்மா."

வள்ளியாத்தாள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கை அறிந்ததை வாய் மூடி மறைக்க முடியுமா? அவர்கள் குடும்ப வழக்கத்தில் உப்பிடாமல் சோறு வடிப்பது ஒரே ஒரு நாளில்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இறந்தவருக்கென்று தனிப் பானையில் பொங்கி, குழிமேட்டில் இலை விரித்து வைப்பார்கள். அந்தச் சோற்றில் உப்பு விழுந்தால் உயிர் இந்த வீட்டை மறக்காமல் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. தகப்பனுக்கு அப்படிப் பொங்கிய நாளில் வள்ளியாத்தாளுக்குத் தாரணியின் வயதுகூட இல்லை. காக்கை வந்து கொத்தும்வரை வெயிலில் நின்றாள். உப்பில்லாச் சோற்றின் ஆவிக்கு ஒரு மணம் உண்டு. அது அவள் மூக்கை விட்டு நீங்கியதே இல்லை.

அன்று தனிப் பானை வைத்தாள். தோலுரித்த கோழியை நீரில் வேகவிட்டாள். கொத்தமல்லியும் மிளகும் எலுமிச்சையும் சேர்த்தாள். சோற்றை வடித்து நிமிர்ந்தபோது அந்த ஆவி முகத்தில் அடித்தது. உயிரோடு நடமாடும் மாப்பிள்ளைக்கு, மகளின் தாலிக்கு உரியவருக்கு, தலைவாழை இலையில் இதையா இடுவது? கை தானாக உப்புச் சாடிக்குப் போயிற்று. ஒரு சிட்டிகை. மாதேஸ்வரா, ஒரு சிட்டிகைதான், சாவுச் சோறு என்னும் பேர் போகும் அளவுக்கு மட்டும்.

முதல் வாய் உண்ட எவெர்ட்டன் புருவம் உயர்த்தினார். தன் மொழியில் ஏதோ சொன்னார். தாரணி சிரித்தாள்.

"எத்தனையோ ஊர்ல இந்த ஒரு வாரச் சாப்பாட்ட வைக்கோல் மாதிரி தின்னிருக்காராம். உப்பில்லாம இவ்வளவு ருசி யாரும் கொண்டு வந்ததில்லையாம். உன் கையில என்ன இருக்குன்னு கேக்கறாரு."

"எலுமிச்சம்பழம்," என்றாள் வள்ளியாத்தாள்.

"நல்லாருக்கு அத்தெ," என்றார் அவர்.

அந்தச் சொல் அவள் கையை இளக்கிவிட்டது. அடுத்த நாள் சிட்டிகை சற்றே கனத்தது. அதற்கு மறுநாள் ரசத்திலும் விழுந்தது. நாளெல்லாம் வேர்க்கவைக்கும் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு தூறலில் சாமுண்டி மலைப் படிகளை ஏறி இறங்கிவரும் உடம்புக்கு அது ஒரு தெம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உப்பு நீரைப் பிடிக்கும் என்று மகள் சொன்னது காதில் விழாமல் இல்லை. வாழைத்தார் அளவு எடை பேசும் வீட்டில் ஒரு சிட்டிகைக்கு என்ன எடை?

எடைமேடையின் எண் மட்டும் அவர்கள் எண்ணப்படி இறங்கவில்லை. முதல் நாட்களில் சற்று இறங்கி, பிறகு வேரூன்றியதுபோல் நின்றது. எவெர்ட்டன் உணவைப் பாதியாக்கினார். ஓட்டத்தைக் கூட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் இறங்கி, கழுத்தில் தொங்கும் மாதாவின் பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார்.

"என்ன சொல்றாருடி?" என்று வள்ளியாத்தாள் மகளைக் கேட்டாள்.

"ஒடம்புக்கு வயசாயிடுச்சுங்கறாரு. இருபது வருஷம் சொன்னதக் கேட்டுச்சாம். அவங்கப்பா முதுகும் இப்படித்தான் ஒரு நாள் சொல்லாம நின்னு போச்சாம்."

மல்லப்பன் தன் எடைமேடையைத் தட்டிப் பார்த்தார். மண்டியிலிருந்து படிக்கல் கொண்டுவந்து வைத்துச் சோதித்தார். "என்ற மிஷினு பொய் சொல்லாதுங்க மாப்ள," என்றார், ஏதோ அவரே குற்றம் செய்தவர்போல.

வெள்ளிக்கிழமை வந்தது. சாமுண்டிக்கு உகந்த ஆஷாட வெள்ளி ஆதலால் சந்துப் பெண்களெல்லாம் விடியலிலேயே பேருந்து பிடித்துச் சாமுண்டி மலைக்குப் போய்விட்டார்கள். வள்ளியாத்தாள் போகவில்லை. குளியலறையை ஒட்டிய அடுப்பில் செப்பு ஹண்டே நிறைய நீர் கொதித்தது. தேங்காய்மட்டை நனைந்திருந்ததால் எரிவதை விடப் புகைவதே மிகுதி. மல்லப்பன் ஊதி ஊதிக் கண் சிவந்து அமர்ந்திருந்தார். வாழைப்பூவும் தண்டும் போட்டுவைக்கும் நீலப் பீப்பாயைப் பாதியாய் அறுத்து உள்ளே வைத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, அதில் மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். பயிற்சிக்கூடத்தில் அவருக்குத் துணையாக இருந்த ரவிக்குமார் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவன்தான் அருகிருந்து நேரம் பார்த்தான். எழுப்பினால் கம்பளி போர்த்துவார்கள். கம்பளி நீக்கினால் மேடையில் ஏற்றுவார்கள்.

இரண்டாம் முறையும் எடை அறுபத்தைந்தில் நின்றது. ரவிக்குமார் குனிந்து எவெர்ட்டனின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தான். பதிந்த குழி பதிந்தபடியே நின்றது.

"நோடி ஆண்ட்டி, பாருங்க, குழி மூடவே இல்ல. எல்லாம் நீர். இந்நேரம் அறுபத்து மூணுக்குக் கீழ வந்திருக்கணும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உப்பு எங்கயோ உள்ள போயிருக்கு. ஊறுகாய், அப்பளம், எதாவது?"

"எங்க வீட்டுலயா?" என்றாள் தாரணி. "அம்மா தனிப் பானை வெச்சுச் சமைக்கறாங்க ரவி. சும்னிரு."

"கோபப்படாதீங்க அக்கா. உப்பு போயிருந்தா இப்பவே சொல்லிடணும், இதோட நிறுத்திடலாம். போன் பண்ணி ஃபைட் இல்லேன்னு சொல்லிடலாம். நீர ஒடம்பு விடாம பிடிச்சிருக்கறப்ப மேல மேல வேக வெச்சா கிட்னி போயிடும். உப்பு போகலேன்னா, ஒடம்பு மெதுவா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு தடவை உக்காரலாம்."

எல்லார் கண்ணும் வள்ளியாத்தாளிடம் திரும்பியது. கம்பளிக்குள்ளிருந்து எவெர்ட்டனும் பார்த்தார். உப்பு என்ற சொல் அவருக்குப் புரிந்திருந்தது. வெடித்த உதடுகளால் சிரித்து, இல்லை என்று தலையசைத்து, அவளுக்காக அவரே வழக்காடினார்: "அத்தெ நல்லாருக்கு."

அவள் வாய் திறந்தாள். திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஏனுங்க."

"என்ன புள்ள, பொகையில நிக்காத."

"நான் உப்புப் போட்டனுங்க."

மல்லப்பன் கையில் மட்டை நின்றது.

"சாவூட்டுச் சோறாட்டம் இருந்துதுங்க. மனசு கேக்கல. ஒரு சிட்டிகைதான் போட்டேன். தெனமும் போட்டேன். அந்தத் தம்பி சொல்றதப் பாத்தா..."

"ஒரு சிட்டிகைக்கு நாலு கிலோ ஏறுமா? நானும் முப்பது வருசமா நிறுக்கறேன்."

"சொல்லிப்போடட்டுங்களா?"

"சொன்னா நின்னு போயிருமே வள்ளி. இதுக்குன்னுதான் அந்த மனுசன் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கறாரு. அவிங்கம்மா அங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க."

"சொல்லாட்டி?"

மல்லப்பன் கையில் இருந்த மட்டையை அடுப்புக்குள் தள்ளினார். தீ பற்றி எழுந்தது.

உள்ளே மூன்றாம் முறைக்கு நீர் ஊற்றும் ஓசை கேட்டது. வள்ளியாத்தாள் அங்கேயே நின்றாள். சொன்னால் அவர் வாழ்வின் கடைசி வாசலைத் தன் கையால் சாத்தியவள் ஆவாள். சொல்லாவிட்டால் என்ன ஆவாள் என்பதை நினைக்கவே அவளுக்கு அச்சமாக இருந்தது. மலைமேல் இருக்கும் மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள். கூப்பிடத்தான் முடிந்தது. பிறகு, கால்கள் தாமாக நடந்து அவளைக் குளியலறைக் கதவுக்குக் கொண்டுபோய்விட்டன.

"தாரணி, கதவத் தெற கண்ணு."

"பேடாம்மா, ஆவி போயிடும்."

"ஒண்ணு சொல்லோணும்."

"எதுவானாலும் அப்புறம். இன்னும் கொஞ்ச நேரந்தான், இருந்துடுவாரு."

"இப்பவே சொல்லோணும் கண்ணு. அந்தச் சோத்துல..."

கதவுக்கு அப்பால் நீர் ஒரேயடியாகத் தளும்பித் தரையில் கொட்டியது. ரவிக்குமார் பெயர் சொல்லிக் கத்தினான். தாரணியின் குரல் கத்தலாக இல்லை, அப்படி ஒரு குரலை வள்ளியாத்தாள் அதற்குமுன் கேட்டதில்லை. தாழ் விலகியபோது ஆவிக்கு நடுவே அந்தப் பெரிய உடம்பு பீப்பாயின் விளிம்பில் மடிந்து தொங்கியது, அறுத்துப் போட்ட தார்போல. நால்வரும் சேர்ந்து தூக்கினார்கள். எத்தனை தார் எடை என்று அப்போது மல்லப்பன் சொல்லவில்லை.

மருத்துவமனையில் இரண்டு நாட்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். மருத்துவர் உயிருக்கு இனிப் பயமில்லை என்றார். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, தேறும், முழுதும் தேறும் என்று சொல்வதற்கில்லை என்றார். உடம்பை இப்படி வற்றவைக்கும் தொழில் இனி வேண்டவே வேண்டாம் என்றார். பெங்களூரில் வேறொருவன் அந்த இடத்தில் சண்டையிட்டதாக ரவிக்குமாருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். யார் வென்றது என்று அவன் கேட்கவில்லை.

"தலைமாட்டுல தொங்குதே பாட்டில், அது என்னங்க தம்பி?" என்று வள்ளியாத்தாள் அவனைக் கேட்டாள்.

"டிரிப்ஸ் ஆண்ட்டி. உப்புத் தண்ணிதான்."

அவள் சொட்டுச் சொட்டாக இறங்கும் அதையே நெடுநேரம் பார்த்தாள்.

அவரை அருகில் போய்ப் பார்க்கவிட்ட மறுநாள் மாலை தாரணியிடம் சொல்லிவிட்டாள். மருத்துவமனை வராந்தாவில், பக்கத்து மரப்பலகையில் யாரோ இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருக்க, முதல் சிட்டிகையிலிருந்து கடைசிவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

தாரணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவத் தெறன்னு சொன்னியே, அப்பதான் சொல்ல வந்தியா?"

"ஆமா கண்ணு."

"நான் தெறக்கல."

பிறகு மகள் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லாதே. வயசாயிடுச்சு, முடிஞ்சு போச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டாரு. அதுக்கே ராத்திரி முழுக்க அழுதாரு. நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா, யார் மேல கோபப்படுவாரு? அவருக்கு இந்த ஊர்ல நாம மட்டுந்தானே இருக்கோம். விட்டுடும்மா. உன் கைச் சோறுதான் இனி அவருக்கு."

"சொல்லாம எப்படிக் கண்ணு எலை போடுவேன்?"

"போடணும்," என்றாள் தாரணி.

அவர் வீடு திரும்பிய நாளிலும் தூறல் விடவில்லை. எடைமேடை மண்டிக்குப் போய்விட்டிருந்தது. கூடத்தில் அது நின்ற இடத்தில் நான்கு கால் தடமும் சிறிது குங்குமமும் மட்டும் கிடந்தன. மெலிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்து நடந்து வந்து, எவெர்ட்டன் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்தார். மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்: இன்னும் பல மாதங்களுக்கு உணவில் உப்பு அறவே கூடாது.

வள்ளியாத்தாள் தனிப் பானை வைத்தாள். அதே கொத்தமல்லி, அதே மிளகு, அதே எலுமிச்சை. வடித்த சோற்றின் ஆவி முகத்தில் ஏறியபோது அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். உப்புச் சாடி மாடத்தில் இருந்தது. அதைத் திரும்பிப் பாராமல், தன் வாழ்நாளில் இரண்டாம் முறையாக, உப்பிடாத சோற்றை இலையில் இட்டாள். மேலே வறுத்த மரவள்ளி மாவைத் தூவினாள்.

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றது பாதியில் நின்றது.

இன்னொரு வாய் எடுத்தார். இம்முறை மெல்ல, நாவில் வைத்து, முன்பு அதில் இருந்த எதையோ தேடுபவர்போல. பிறகு தலை நிமிர்ந்து வள்ளியாத்தாளைப் பார்த்தார். பார்வை அவளைத் தாண்டிச் சமையற்கட்டுக்குள் போய், மாடத்துச் சாடியில் நின்று, மீண்டும் அவள் முகத்துக்கு வந்தது. அந்தக் கண்களில் சினம் இருந்ததா என்று அவளால் அறிய முடியவில்லை. தம் உடம்பு தமக்குத் துரோகம் செய்யவில்லை என்று அறிந்தவரின் வியப்பு இருந்தது. அதற்குப் பின்னால் வந்தது வேறொன்று. அதைக் காணமாட்டாமல் தாரணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மல்லப்பன், தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்க எடுத்தோம் என்று மறந்தவராக நின்றார்.

எவெர்ட்டன் குனிந்து உண்ணத் தொடங்கினார். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஒரு பருக்கை மிச்சமின்றி உண்டார். மாவின் துகளை விரலால் ஒற்றி எடுத்தார். இலையைத் தம் பக்கமாக மடித்தார்.

வள்ளியாத்தாள் அந்த இரண்டு சொல்லுக்காகக் கரண்டியோடு நின்றாள், அவர் எழுந்து கை கழுவப் போன பிறகும்.